கண் வரியின் கடைசிவரை வருவதில்லை

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை விற்பதற்கு ஓர் இணையதளம் எழுதுகிறோம் என்று வையுங்கள். முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் வந்து விழும்: "பாரம்பரியப் பெருமையும் கலைநயமும் கொண்ட செட்டிநாட்டு மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கைத்திறனால் உருவாக்கப்பட்டுவரும் ஆத்தங்குடிக் கற்களை நியாயமான விலையில் வழங்கிவருகிறோம்." இலக்கணம் சரி. ஆனால் விற்கிற பொருளின் பெயர் பதினோராவது சொல்லாக வருகிறது. அதற்குள் வாசகர் போய்விட்டார்.

காரணம் கண்ணில் இருக்கிறது. படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிப் போவதில்லை; தாவித் தாவிப் போகிறது. இரண்டு தாவல்களுக்கு நடுவே ஏறத்தாழ கால் நொடி நிற்கும். எழுத்து பதிவது அந்த நிற்றலில்தான். கூர்மையாகத் தெரியும் பரப்போ மிகச் சிறியது. கையை நீட்டினால் தெரியும் கட்டைவிரல் அகலம்தான். ஆகவே எங்கே நிற்பது என்று கண் தேர்ந்தெடுக்கிறது.

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேய்ந்துதான் பார்த்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். 2006-ல் அவர் 232 பேரின் கண்ணசைவை ஆராய்ந்து எழுதினார். மேல்வரிகளில் கண் ஓரளவு குறுக்கே போகிறது, பிறகு குறுக்குப் பயணம் சுருங்குகிறது, கடைசியில் இடது ஓரமாகவே கீழே இறங்கிவிடுகிறது. ஆங்கில எஃப் எழுத்தின் வடிவம்.

தமிழும் இடமிருந்து வலமாகத்தான் ஓடுகிறது. ஆனால் நம் வாக்கியத்தில் பெயரெச்சங்களெல்லாம் முன்னால் வரிசைகட்டி நிற்கும், பெயர் பின்னால் வரும், வினை கடைசியில் வரும். கனமான சொற்கள் கண் எட்டாத வலது பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. ஆங்கில வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

தீர்வும் தமிழிலேயே இருக்கிறது. வினை இல்லாமல் பெயரோடு முடியும் வாக்கியம் நமக்கு இயல்பு. "ஆத்தங்குடிக் கல்: 8, 10, 12 அங்குலச் சதுரம். சூளையில் சுடாத சிமென்ட் கல். மேற்பரப்பின் வழவழப்பு, கண்ணாடிமேல் வார்ப்பதால் வருவது." எச்சத்தை வெட்டித் தனி வாக்கியமாக்கினால் பெயர் தானாக முன்னுக்கு வரும். பெருமை, பாரம்பரியம் எல்லாம் கீழே ஒரு பத்தியில் இருக்கட்டும். வேண்டியவர் தேடிப் படிப்பார்.

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல்வரை பார்வை நேராகப் போகும். துணைத்தலைப்புகள் செய்ய வேண்டிய வேலை அதுதான். "எங்களைப் பற்றி" என்று தலைப்பு வைத்தால் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிடும். "அளவும் தடிமனும்", "பதிக்கும் முறை", "துடைப்பது எப்படி" என்று வைத்தால் உள்ளே இருப்பது வாசலிலேயே தெரியும்.

மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே தேடுபொறி ஒன்று பக்கத்தைப் படிக்கிறது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதைப்போல எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அது குறித்துவைக்கிறது. இங்கே தமிழுக்கே உரிய கோளாறுகள் சில உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் இயந்திரத்துக்குக் கிடைப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒரு பிழை ஒளிந்திருக்கும்: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர'. "காரைக்குடி" என்பது "கரரைக்குடி" ஆகியிருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மெய்ப்புப் பார்த்தவரும் தாண்டிப் போயிருப்பார். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு: துணைக்காலின் எண் 0BBE, ரகரத்தின் எண் 0BB0. இயந்திரத்துக்கு அவை வேறு வேறு எழுத்து. ஊர்ப்பெயரையும் பொருளின் பெயரையும் பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். கண்முன் இருக்கிற சொல் தேடலில் சிக்காவிட்டால் இதுதான் காரணம்.

பக்கத் தலைப்பில் "ஆத்தங்குடி டைல்ஸ்" என்றே போடலாம். தேடுகிறவர்கள் அப்படித்தான் தட்டுகிறார்கள். வல்லின ஒற்றுப் போட்ட "ஆத்தங்குடிக் கல்" பக்கத்துக்குள் வரட்டும். கணினியில் தேடல் முடிவின் தலைப்பு ஏறத்தாழ 600 பிக்சலில் வெட்டுப்படும், தமிழ் எழுத்தோ அகலமானது. முதல் நான்கு சொற்களுக்குள் பொருளும் ஊரும் வந்துவிட வேண்டும்.

விலைப்பட்டியலைப் படமாக மட்டும் ஏற்றாதீர்கள், எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்கான மாற்று உரையில் "படம் 1" என்று எழுதாமல் "பச்சை மஞ்சள் பூ வடிவ ஆத்தங்குடிக் கல், 10 அங்குலம்" என்று எழுதுங்கள். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவது அதைத்தான்.

வெளியிடுமுன் கைபேசியில் திறந்து, ஒவ்வொரு பத்தியிலும் முதல் இரண்டு சொற்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். "எங்கள் நிறுவனம்", "பல ஆண்டுகளாக", "மிகச் சிறந்த" என்று வந்தால் அந்தப் பத்தியைத் திருப்பி எழுத வேண்டும். "தடிமன்", "லாரி வாடகை", "ஆசிட் ஊற்றாதீர்கள்" என்று வந்தால் விட்டுவிடலாம். ஆசிட் சிமென்ட்டை அரிக்கும். அந்த எச்சரிக்கையை வரியின் கடைசியில் வைத்தால், தரை போன பிறகுதான் ஒருவர் அதைப் படிப்பார்.