ஏலத்துக்கு வரும் பழைய கடிகாரத்தின் வயதைப் படத்திலேயே கணிப்பது எப்படி?

இணைய ஏலத்தில் 'ஒரிஜினல்' என்று வரும் பழைய கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலோ என்றால் காதில் வைத்துக் கேட்கலாம், சாவியைத் திருகிப் பார்க்கலாம். ஏலத்தில் கிடைப்பது சில படங்களும் நாலு வரி விளக்கமும்தான். அதை வைத்தே நிறையச் சொல்ல முடியும். கடிகாரத்தின் ஒவ்வொரு உறுப்பும் தனக்கென்று ஒரு வேகத்தில் பழசாகிறது. டயல் 1970ஐயும் முள் 2000ஐயும் காட்டினால் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உறுப்புகள் எல்லாம் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்பதே முதல் கேள்வி.

பின்மூடியிலிருந்து தொடங்குவோம். நம் வீடுகளில் அப்பாவும் தாத்தாவும் கட்டிய சீக்கோ 5 இதற்கு நல்ல உதாரணம். மூடியில் 6119-8083 என்று இருந்தால் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின், அதாவது வெளிக்கூட்டின், எண். தனியாக ஒரு ஆறிலக்க வரிசை எண்ணும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 230511 என்றால் '2'இல் முடியும் ஆண்டு, மார்ச் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் சொல்லிவிடும்: 6119 மெஷின் 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும்தான் வந்தது, ஆகவே 1972. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு எண்ணுக்குப் பதில் ஓ, என், டி (O, N, D) என்ற ஆங்கில எழுத்துகள் வரும். இனி டயலின் அடிவிளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு மணிக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் டயலுக்கென்று ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் பெரும்பாலும் மூடியில் இருக்கும் மெஷின் எண்ணோடு ஒத்துப்போகும். அந்த வரியே இல்லாவிட்டால் டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. சீக்கோ 1970ஐ ஒட்டி 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை விட்டு 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று போடத் தொடங்கியது. டயலில் பழைய சொல், மூடியில் 1975 என்றால் இரண்டு கடிகாரங்கள் ஒன்றாகியிருக்கின்றன.

மறுவண்ணம் அடித்த டயல்கள் ஏலங்களில் ஏராளம். மும்பையிலிருந்து வரும் ஆரஞ்சு, மயில்நீல சீக்கோக்களும் இந்தியத் தயாரிப்பான எச்எம்டிகளும் அந்த வகைதான். தொழிற்சாலையில் எழுத்தைச் செதுக்கிய தகட்டில் மையைத் தடவி, மெத்தென்ற திண்டால் அதை ஒற்றி எடுத்து டயலில் பதிப்பார்கள். அப்படிப் பதிந்த எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூராக இருக்கும், மையும் லேசாக மேடாக நிற்கும். மறுவண்ணத்தில் எழுத்து தடித்துப் பரவும். நிமிடக் கோடுகளின் இடைவெளி சீராக இராது. டயலுக்குள் விநாடிக்கென்று சிறு வட்டம் இருந்தால் அதன் கோடு பக்கத்து எண்ணின் மேல் ஏறும். சுவிஸ் கடிகாரமாக இருந்தும் அடியில் 'சுவிஸ் மேட்' இல்லாவிட்டால் சந்தேகம் இன்னும் கூடும்.

உறுப்புகளில் வயதை எண்ணாகவே தருவது ஒளிப்பூச்சு. 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு, அதன் பிறகு டிரிட்டியம். இரண்டிலுமே கதிரியக்கம் துத்தநாக சல்ஃபைடைத் தூண்டி ஒளிரவைக்கும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு. 1975இல் செய்த கடிகாரத்தில் 2025க்குள் நான்கு அரைவாழ்வுகள் கடந்துவிட்டன. மிச்சம் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். இருட்டில் அது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ரேடியத்தின் கதை வேறு. அதன் அரைவாழ்வு 1600 ஆண்டு, ஆகவே கதிர்வீச்சு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தக் கதிர்களே துத்தநாக சல்ஃபைடின் படிகங்களைச் சிதைத்துவிட்டதால்தான் ஒளி போயிற்று. இன்று புழங்கும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் கொண்டுவந்தது. டார்ச் அடித்தால் மணிக்கணக்கில் ஒளிரும் பூச்சு அதுதான். பழைய டிரிட்டியம் பூச்சு டார்ச்சுக்குச் சில விநாடி மினுங்கி அடங்கிவிடும். ஆகையால் 1970ஆம் ஆண்டுக் கடிகாரத்தை இருட்டறையில் பச்சையாக ஒளிரவிட்டுப் படம் போடும் விற்பனையாளர், பூச்சு புதிது என்பதற்குத் தாமே சாட்சி தருகிறார்.

சுவிஸ் டயலின் அடியில் 'டி சுவிஸ் டி' (T SWISS T) என்றிருந்தால் பூச்சு டிரிட்டியம். டயல் புள்ளிகள் தேன்நிறத்திலும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால் முட்கள் பின்னால் மாற்றப்பட்டவை. சிறு வேறுபாட்டை மட்டும் மன்னிக்கலாம். ரேடியம் டயலில் முள் நெடுநாள் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதே வடிவத்தில் பழுப்புத் தழும்பு விழுந்திருக்கும். அது நல்ல அடையாளம், போலியாக வரவைப்பது கடினம். ஆனால் அப்படிப்பட்ட கடிகாரத்தை வீட்டில் திறக்காதீர்கள், டயலைச் சுரண்டவே கூடாது. உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து.

கேஸில் பார்க்க வேண்டியது விளிம்புகள். ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் நான்கு கொம்புகளும் கூராக, ஒரே பருமனில் இருக்க வேண்டும். பாலிஷ் போடப் போட அவை உருண்டு மெலியும், பின்மூடியின் எழுத்தும் மங்கும். மூடியில் 'ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால் மூடி மட்டுமே துருப்பிடிக்காத எஃகு. மேல்பாகம் குரோம் பூசிய பித்தளையாக இருக்கலாம், நம் வெயிலிலும் வியர்வையிலும் அந்தப் பூச்சு புள்ளிபுள்ளியாக உரியும். கொம்புகளின் உட்புறத்தை நெருக்கமாகப் படம் கேளுங்கள்; உரிதல் முதலில் தெரிவது அங்கேதான்.

மூடியைத் திறந்து எடுத்த படத்தையும் கேட்க வேண்டும். பினாங்கு போன்ற கடலோர ஊரில் கிடந்த கடிகாரத்துக்குள் ஈரம் பெரும்பாலும் சாவித் தண்டு வழியாகத்தான் நுழையும். அதனால் துருவும் டயல் கறையும் மூன்று மணிப் பக்கத்தில் தொடங்கும். தேதிச் சக்கரத்தில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் உள்ளே இன்னும் மோசம் என்று கொள்ளலாம். திருகுகளின் தலை கீறிக் கிழிந்திருந்தால் பழகாத கை வேலை பார்த்திருக்கிறது. மெஷினைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் இருந்தால் அதன் காரணத்தைக் கேளுங்கள்: சில மாடல்களில் அது பிறப்பிலேயே உண்டு, சிலவற்றில் வேறு மெஷினைப் பொருத்த வைத்தது. திறக்கவே மறுக்கும் விற்பனையாளரின் கடிகாரத்துக்கு முழு சர்வீஸ் செலவையும் கழித்தே விலை கேட்க வேண்டும்.

ஓட்டத்தைக் காதால் அளக்கலாம். மைக்கை மூடியில் ஒட்டி வைத்து 30 விநாடி காணொளி அனுப்பச் சொல்லுங்கள். 6119 மணிக்கு 21,600 அடி அடிக்கும், அதாவது விநாடிக்கு 6. எச்எம்டி ஜனதா 18,000, விநாடிக்கு 5. ஒலியைக் கைப்பேசிச் செயலியில் ஓடவிட்டால் ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்பது தெரியும். ஒவ்வொரு 'டிக்'கும் உண்மையில் மூன்று சின்ன ஒலிகள்: இருபுறமும் ஊசலாடும் பேலன்ஸ் வீலின் கல், முட்கரண்டி வடிவ நெம்புகோலை இடிப்பது, பல்சக்கரத்தின் பல் அந்த நெம்புகோலைத் தள்ளுவது, அடுத்த பல் வந்து பூட்டுவது. முதல் ஒலிக்கும் மூன்றாவதற்கும் இடையிலான நேரம் கூடினால் பேலன்ஸ் மெதுவாகக் கடக்கிறது, அது ஊசலாடும் வீச்சு குறைந்துவிட்டது என்று அர்த்தம். முழுச் சாவியில், படுத்த நிலையில் 270 முதல் 310 பாகை ஆரோக்கியம். பழைய சீக்கோக்கள் சற்றுக் கீழே ஓடுவது வழக்கம். 200க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடிகாரக் கடையில் ஓட்டத்தை அளக்க வைத்திருக்கும் டைம்கிராஃபர் கருவியே வீச்சை நம்பும்படி காட்டும். ஒரு நாளைக்குச் சில நிமிடம் முந்தினால் பயப்பட வேண்டாம், பேலன்ஸ் வீலை இயக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒட்டியிருக்கக்கூடும். காந்தநீக்கி அதைச் சில விநாடியில் சரிசெய்யும்.

இனி விலை. நல்ல நிலையிலுள்ள அதே மாடலின் முடிந்த ஏல விலைகளைப் பாருங்கள். கேட்கும் விலைகளைப் பார்த்துப் பயனில்லை. அதிலிருந்து சர்வீஸ், உதிரிப்பாகம், அஞ்சல் செலவைக் கழியுங்கள். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் மலேசியாவில் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, பதிவுபெற்ற தளங்கள் அதை வசூலிக்கும். முதலைத்தோல் ஸ்ட்ராப் எல்லையில் அனுமதிச் சிக்கலைக் கிளப்பும், கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஈபேயில் உங்கள் உச்சவரம்பை எழுதினாலும் அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலேதான் விலை நிற்கும். ஆகவே உச்சவரம்பைக் கடைசி விநாடிகளில் ஒரே முறை போடுவது நல்லது. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும் ஏலங்கள் பல, அங்கே இந்த உத்தி எடுபடாது.

கடிகாரம் வந்து சேர்ந்ததும் கட்டிக்கொண்டு திரியாதீர்கள். காய்ந்த எண்ணெயும் தூசும் அச்சு முனைகளை உப்புத்தாள் போல அரைக்கும். புகார்க் கெடு முடியுமுன் கடையில் திறந்து, ஏலப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வீஸின்போது பின்மூடி ரப்பர் வளையத்தையும் சாவித் தண்டின் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் தண்ணீர் பக்கம் வேண்டாம். கட்டாத நாள்களில் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள்.