ஆட்டுக்கால் சூப்பும் எதிர்முறுக்கும்

ராத்திரி வைத்த ஆட்டுக்கால் சூப் மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். தண்ணீராக இருந்தது கட்டியாகி ஆடிக்கொண்டு நிற்கும். எங்கள் ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "எலும்புச் சத்து பூரா இறங்கியிருக்குல" என்பாள். ஒரு வகையில் சரிதான். இறங்கியிருப்பது கொலாஜன் என்ற புரதம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். உடம்பின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். அந்தக் காலத்து ஆசாரிமார் மரம் ஒட்டக் காய்ச்சிய வச்சிரமும் இதே சரக்குதான்.

ஆனால் சூப்பில் இருப்பது பிரிந்துபோன கயிறு. இது எனக்குப் புரிந்தது பாடப் புத்தகத்தால் இல்லை, தாத்தாவின் தொடையால்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, ஊறவைத்த தேங்காய் நாரைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே திசையில் உருட்டுவார், இப்படி மூன்று புரி, அப்புறம் மூன்றையும் சேர்த்துப் பிடித்து எதிர்த்திசையில் முறுக்குவார். நான் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக முறுக்குவேன், கையை விட்டதும் அது பாம்பு மாதிரி நெளிந்து மூன்றாகப் பிரிந்துவிடும். "எதிர்முறுக்கு போடுல. புரி பிரியப் பாக்கும், கயிறு அதையே பிடிச்சு இறுக்கும்" என்பார்.

கொலாஜன் இப்படித்தான் திரிந்திருக்கிறது. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி இடமுறுக்காகச் சுருளும், அப்படி மூன்று சங்கிலிகள் வலமுறுக்காக ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். நீளம் சுமார் 300 நானோமீட்டர், பருமன் 1.5 நானோமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் பருமனுள்ள கிணற்றுக் கயிறாக அதைப் பெரிதாக்கினால் மூன்று மீட்டர் நீளம் வரும். அடுப்பில் நெடுநேரம் கொதிக்கும்போது மூன்று புரியும் பிரிகின்றன, ஆறும்போது பழையபடி ஒழுங்காகச் சேரத் தெரியாமல் அங்கங்கே பின்னி, நடுவில் தண்ணீரைச் சிறைபிடித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டி அதுதான், கடையில் ஜெலட்டின் என்று விற்பதும் அதுதான்.

இந்த முப்புரியைக் கண்டுபிடித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி.என். ராமச்சந்திரன் என்ற இயற்பியலாளரும் அவரோடு வேலைசெய்த கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு 1954இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். அதில் மூன்று சங்கிலிகளும் நேராகப் பக்கம்பக்கமாக நின்றன. அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது 1955இல் வந்த திருத்தம். (தாத்தாவைக் கேட்டிருந்தால் முதல் வருஷமே சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு அற்ப ஆசை.) அணுக்கள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றனவே என்று வெளிநாட்டில் குறை சொன்னார்கள். சரி, எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் உட்கார்ந்து கணக்கெடுத்ததன் விளைவுதான் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். ஒரு சதுரம், அதில் தீவுகள் மாதிரி சில திட்டுகள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை அந்தத் திட்டுகள் காட்டிவிடும். இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தேன் என்று யார் வந்தாலும் அந்தச் சதுரத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

புரத அறிவியலில் படம் என்பது கட்டுரைக்குப் போடும் அலங்காரம் இல்லை, யோசிக்கிற வேலையே அதில்தான் நடக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளிப் பிடித்துப் படுத்திருந்தபோது காகிதத்தில் சங்கிலியை வரைந்து மடித்துமடித்துப் பார்த்துத்தான் புரதச் சங்கிலி சுருளும் ஒரு வகையான ஆல்ஃபா சுருளுக்கு வந்து சேர்ந்தார். புரத வடிவங்களை ஆராய்ந்த ஜேன் ரிச்சர்ட்சன் 1981இல் செய்தது இன்னும் பெரிது என்பேன். ஒரு புரதத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள், எல்லாவற்றையும் வரைந்தால் முள்காடு மாதிரி ஒன்றும் தெரியாது. அவர் அணுக்களை விட்டுவிட்டு, சுருள் வரும் இடத்தில் சுருட்டிய ரிப்பன், சங்கிலி விறைப்பாக நீளும் இடத்தில் தட்டையான அம்பு என்று கையால் வரைந்தார். எதை வரையாமல் விடுவது என்று முடிவெடுப்பதில்தான் அந்தக் கலை இருக்கிறது. இன்று ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்து வைத்திருக்கிறது, அதன் பின்னால் இருந்தவர்களுக்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது, ஆனால் அதைத் திரையில் பார்க்கும்போது தெரிவது அந்த ரிப்பனும் அம்பும்தான்.

அம்புகள் அருகருகே படுத்தால் பாய் மாதிரி ஒரு தகடு உண்டாகும். பட்டு நூலின் உறுதி அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. எங்கள் பத்தமடைப் பட்டுப்பாயில் பட்டு பெரும்பாலும் பெயரில்தான், அது கோரை, செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள்.

கயிறுக்கு வருவோம். முப்புரி உடம்புச் சூட்டில் பிரியாமல் நிற்க, சங்கிலியில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் பலவற்றின் மேல் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஏற வேண்டும். அதை ஏற்றும் நொதிக்குள் ஓர் இரும்பு அணு உண்டு, அது செயலிழந்துபோகாமல் பார்த்துக்கொள்வது வைட்டமின் சி. அது கிடைக்காவிட்டால் 37 டிகிரியிலேயே புரிகள் பிரிய ஆரம்பிக்கும், ஈறில் ரத்தம் கசியும், பழைய காயம்கூட ஆறியது மறந்து திறக்கும். கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி இதுதான். ஆச்சி மடியில் முடிந்துவைத்திருக்கும் நெல்லிக்காய்க்கு இந்தக் கயிற்றில் பங்கு உண்டு. சூப் குடித்தால் மூட்டுக் கயிறு பலப்படும் என்பதை மட்டும் நான் அவளிடம் ஒத்துக்கொள்வதில்லை. வயிற்றுக்குள் போனதும் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துபோகும், அது மூட்டுக்குத்தான் போய்ச் சேரும் என்று சொல்வதற்கில்லை. ருசிக்காகக் குடிக்கலாம்.

போன வருஷம் அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யட்டும் மாமா என்று வந்தாள். கொலாஜனே செய் என்று நாரைக் கொடுத்தேன். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும், அமினோ அமிலங்களிலேயே சிறியது, ஏனென்றால் அந்த இடம் கயிற்றின் நடுமையத்தில் போய் விழுகிறது, அங்கே வேறெதற்கும் இடமில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதில் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்தாலே எலும்பு எளிதில் முறியும் நோய் வரலாம். இதை எப்படிக் காட்டுவது? அவளே ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஒரு புரிக்குள் செருகித் திரித்தாள். அந்த இடத்தில் மட்டும் கயிறு புடைத்து, புரிகள் விலகி, எவ்வளவு இறுக்கினாலும் உட்காரவில்லை. கண்காட்சி முடிந்து அந்தக் கயிறு இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. துணி காயப்போடலாம் என்று ஆச்சி எடுத்துப் பார்த்தாள், புடைத்த இடத்தைத் தடவிவிட்டு, "இது பாரம் தாங்காதுட்டி" என்று திரும்ப மாட்டிவிட்டாள்.