வயிற்றால் தண்ணீர் குடிக்கும் தவளைக்கு ஒரு வீடு

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. இதைச் சோதித்துக் காட்டியவர் ராபர்ட் டவுன்சன் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர். 1790களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்தபோது இரண்டு மரத்தவளைகளை வளர்த்தார்; டேமன், முசிடோரா என்று பெயரும் வைத்திருந்தார். நனைந்த மையொற்றுத் தாளில் உட்காரவைத்த தவளை, வயிற்றை அதன்மேல் பரப்பி அழுத்திக்கொண்டு நீரை உறிஞ்சி எடை கூடுவதைக் கண்டார். அடிவயிற்றிலும் பின்தொடையின் உட்புறத்திலும் இருக்கும் மெல்லிய தோல்தான் தவளைக்கு வாய். முதன்முதலாகத் தவளை வளர்க்க நினைப்பவர் தொட்டி, விளக்கு, செடி என்று விலை விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்பு இந்தத் தோலைப் புரிந்துகொண்டுவிட்டால், மற்ற முடிவுகளில் பாதி தாமாகவே வந்துவிடும்.

புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. உள்ளங்கை அளவு வளரும், அவ்வளவு எளிதில் மிரளாது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘கெருலியா’ என்ற சொல்லுக்கு நீலம் என்று பொருள். ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற முதல் கப்பல் தொகுதியின் தலைமை மருத்துவர் ஜான் வைட் 1790இல் இதைப் பற்றி எழுதினார். பச்சைத் தவளைக்கு நீலப் பெயர் வந்தது சாராயத்தால்: பதப்படுத்தும் திரவத்தில் தோலின் மஞ்சள் நிறமி கரைந்துபோக, அடியில் இருந்த நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது.

மரத்தில் வாழும் விலங்கு என்பதால் தொட்டியின் அகலத்தைவிட உயரம் முக்கியம். ஒன்றிரண்டு தவளைகளுக்கு 45 சென்டிமீட்டர் நீள அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி போதும். மேலே கம்பிவலை மூடி, உள்ளே தவளையின் பருமனைத் தாங்கும் சாய்வான கிளைகள், பகலில் ஒளிந்துகொள்ள ஓர் இடம். அடியில் தென்னை நார்த்தூளைப் பரப்பலாம். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்களே, அதேதான். உரம் கலக்காததாக இருக்க வேண்டும். கூழாங்கல் வேண்டவே வேண்டாம். பூச்சியைப் பிடிக்கப் பாயும்போது கல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். அது குடலை அடைத்துக்கொள்ளும்.

இனி தண்ணீர்க் கிண்ணம். என்னைக் கேட்டால் தொட்டியைவிட இதற்குத்தான் அதிக யோசனை தேவை. தவளை முழுதாக உட்காரும் அளவுக்கு அகலமாகவும், உட்கார்ந்தால் தோளைத் தாண்டாத ஆழத்திலும் இருக்க வேண்டும். நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றையும் குடலையும் கடந்துதான் இரத்தத்துக்குப் போகிறது. தவளைக்கு இடையில் இருப்பது மெல்லிய தோல் ஒன்றே. அதனால்தான் குழாய்நீரில் உள்ள குளோரின் அதற்கு ஆபத்து. மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துவார்கள். குளோரின் அப்படி ஆவியாகிவிடும். ஆனால் சில நகரங்களில் நீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. மீன் கடைகளில் விற்கும், இவை இரண்டையும் நீக்கும் மருந்தை அளவறிந்து கலப்பதே பாதுகாப்பு. ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கும் வாலைவடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே எப்போதும் வைப்பதும் சரியில்லை. அதில் உப்புகள் கிட்டத்தட்ட இல்லாததால், தவளையின் உடலிலுள்ள உப்பு தோல் வழியே வெளியே கசியும்.

தவளை பெரும்பாலும் அந்தக் கிண்ணத்திலேயே கழிவையும் விடும். கழிவிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றும். அடுத்த முறை உட்காரும்போது அது நேராக உடலுக்குள் போகும். தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் தினமும் மாற்றுங்கள். கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெந்நீரில் கழுவுங்கள்.

தவளை என்றால் எந்நேரமும் சொதசொதவென்று ஈரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தத் தவளைக்கு அது பொருந்தாது. வட ஆஸ்திரேலியாவில் மாதக்கணக்கில் மழையே இல்லாத காலத்தையும் இது தாண்டுகிறது. எப்படி? டார்வின் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று விடை சொல்கிறது. வறண்ட காலத்தின் குளிர்ந்த இரவில் தவளை வெளியே வந்து உட்கார்ந்து உடலைக் குளிரவிடுகிறது. பிறகு வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்த மரப்பொந்துக்குள் நுழைகிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் வியர்ப்பதுபோல் அதன் உடல் முழுதும் நீர் பூக்கிறது. அந்த நீரைத் தோல் உறிஞ்சிக்கொள்கிறது! எனவே மாலையில் ஒரு முறை நீர் தெளித்து, பகலில் மேற்பரப்பு உலரவிடுவதே சரி. ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. எப்போதும் நனைந்தே கிடக்கும் தொட்டியில் பூஞ்சையும் தோல் நோயும்தான் வளரும்.

தவளையின் செரிமானம் வெளிச்சூட்டை நம்பியிருக்கிறது. பகலில் மேல்கிளைப் பக்கம் 28 டிகிரி செல்சியஸ், கீழே 24, இரவில் 20க்குக் குறையாமல் இருக்கட்டும். விளக்கை வலைக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் ஏறி ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொள்ளும்.

உணவு உயிருள்ள சுவர்க்கோழி போன்ற பூச்சிகள். தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். கால்சியமும் வைட்டமின் டி3யும் கலந்த பொடியில் புரட்டிக் கொடுக்காவிட்டால் எலும்பு வளைந்துபோகும். வளர்ந்த தவளைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். அது விழுங்கும்போது கவனியுங்கள்: கண்கள் இரண்டும் மூடி உள்ளே அமிழும். இரையைத் தொண்டைக்குள் தள்ளக் கண்விழிகளும் உதவுகின்றன. சில நாட்களில் தவளை முதுகைக் கூன்போட்டு, வாயைத் திறந்து திறந்து மூடும். நோயோ என்று பயப்பட வேண்டாம். பழைய தோலைக் கைகளால் வாய்க்குள் தள்ளி, சட்டை கழற்றுவதுபோல் உரித்துத் தின்றுகொண்டிருக்கும்.

இந்தத் தோலையே தாக்குவது கைட்ரிட் பூஞ்சை. 2009இல் வெளியான ஆய்வு, இதே பச்சை மரத்தவளையில் அந்தப் பூஞ்சை கொல்லும் விதத்தைக் காட்டியது: தோல் உப்புகளைக் கையாளும் திறனை இழக்கிறது, இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிகின்றன, இதயம் நின்றுவிடுகிறது. உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் இந்த நோயால் சரிந்திருக்கின்றன என்று 2019இல் கணக்கிட்டார்கள். அவற்றில் 90 இனங்கள் அழிந்திருக்கக்கூடும். ஆகவே காட்டிலும் வயலிலும் தவளை பிடிக்காதீர்கள். வளர்ப்பில் பிறந்ததை, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ளூர்த் தவளையை வளர்க்கவே உரிமம் வேண்டும். வளர்த்த தவளையை வெளியில் விடக் கூடாது. தொட்டி நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவும் கூடாது.

தொட்டியைத் தவளை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தயார்செய்து, வெறுமனே ஓடவிட்டு, வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் காலையும் இரவும் பாருங்கள். அந்த அறையில் கொசுவத்தியும் பூச்சிமருந்தும் வேண்டாம். தவளை வந்த முதல் வாரம் அதைத் தொடவே வேண்டாம். பிறகும், தூக்கியே ஆக வேண்டுமென்றால் சோப்பு மிச்சமில்லாமல் கழுவிய ஈரக்கையால் மட்டும் தூக்கி, பின்னர் கையை மீண்டும் கழுவிக்கொள்ளுங்கள். முதல் சில இரவுகள் அது கிளையிலேயே அசையாமல் இருக்கலாம். ஓரிரவு இறங்கி வந்து, கிண்ணத்தில் பின்தொடைகளை அகட்டி, அடிவயிற்றைத் தண்ணீரில் படியவைத்து உட்காரும். அப்போது விளக்கைப் போடாமல் தள்ளி நின்று பாருங்கள், அது குடித்துக்கொண்டிருக்கிறது.