வாலிபர் கூடுகையும் திங்கட்கிழமை நொண்டலும்

ஞாயிறன்று சபையில் வாலிபர் கூடுகை என்றால், திங்கட்கிழமை என் பிசியோதெரபி அறைக்கு யாராவது ஒருவர் நொண்டிக்கொண்டு வருவார். "என்னப்பா ஆச்சு?" "மியூசிக்கல் சேர், அக்கா." டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் நாற்காலி, காலில் சாக்ஸ். மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் சபையில் ஆடி வளர்ந்தவள்தான். ஆனால் கயிறு இழுக்கும் போட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தம்பி, வரிசையில் கடைசி ஆள். பிடி நழுவக் கூடாதென்று கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். எதிரணி வெட்டி இழுத்ததும் கயிறு இறுகிவிட்டது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காமல் வந்தான். வாரக்கணக்கில் சப்பாத்தி மாவு பிசையச் சொல்லித்தான் பிடியை மீட்டோம். அவனுடைய அம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்! 1997இல் தைபேயில் 1,600 பேருக்கு மேல் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்து, இருவருக்குக் கையே துண்டானது. அதனால் பக்கத்துக்கு எட்டுப் பேர் போதும். கிணற்றுக் கயிறு, நைலான் கயிறு வேண்டாம். கையிலோ இடுப்பிலோ சுற்றுகிறவனை அப்போதே வெளியே அனுப்பிவிடுங்கள்.

தொங்கும் பன்னைக் கடிப்பது, வாய் நிறைய பிஸ்கட் அடைத்துக்கொண்டு வசனம் சொல்வது போன்றவற்றை மட்டும் அடியோடு விட்டுவிடலாம். தொண்டையில் அடைத்துக்கொண்டவனால் இருமவோ பேசவோ முடியாது. சுற்றி நிற்பவர்கள் நடிக்கிறான் என்று சிரிப்பார்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வரவில்லையா? பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதற்குள் ஒருவர் 108க்கு அழைத்திருக்க வேண்டும்.

அப்புறம், 'தோற்றவர் வெளியே' விளையாட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் வெளியேறுவது எப்போதும் அந்தக் கூச்ச சுபாவப் பிள்ளைதான். மீதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் கைச்சிக்கு ஆடுங்கள். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவரை விட்டு வேறு இருவரின் கைகளைப் பிடிக்க வேண்டும். பிடியை விடாமல் சிக்கை அவிழ்க்க வேண்டும். பையன்களுக்குத் தனி வட்டம், பெண்களுக்குத் தனி வட்டம் என்றால் ஆயருக்கும் பேச்சில்லை.

முன்பு தோள்பட்டை விலகியவர்களை மட்டும் கைகோக்க விடாதீர்கள். வெளியே நின்று "குனி, தாண்டு, திரும்பு" என்று வழி சொல்லட்டும். போன கூடுகையில் அந்த வேலை பார்த்தவனுக்குத்தான் மறுநாள் தொண்டை கட்டியிருந்தது.