தொடத் தயங்கும் விரலுக்காக

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு கணினிக் கடை. உயர்தரம் படிக்கும் மகனோடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தாயொருவர், காட்சிக்கு வைத்த மடிக்கணினியின் மேல் விரலை நீட்டியபடி கேட்டார்: "தம்பி, தொட்டால் பழுதாகிவிடுமா?" காட்சிக் கணினியை வடிவமைப்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

யாரும் தொடாதபோது திரையில் ஒரு சிறு படம் சுழன்றுகொண்டே இருக்கும். விழித்திரையின் ஓரப்பகுதி எழுத்தை வாசிப்பதில் பலவீனமானது. அசைவை உடனே பிடித்துவிடும். கடந்து போகிறவரின் கடைக்கண்ணை அந்த அசைவு இழுக்கிறது. ஆனால் விசையொன்றை அழுத்தியதும் படம் நின்றுவிட வேண்டும். சுமார் 0.1 விநாடிக்குள் மறுமொழி வந்தால்தான் அது தன் செயலின் விளைவு என்று மனம் உணரும். ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968இலேயே இந்த அளவை எழுதிவிட்டார். பயந்த விரலுக்குத் தாமதம் என்றால் 'பழுதாக்கிவிட்டேன்' என்றுதான் பொருள்.

அடுத்து எதைச் செய்யக் கொடுப்பது? அந்தத் தாய் வாசிக்கக்கூடிய ஒரு சொல்கூடத் திரையில் இருக்கவில்லை. ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதக் கொடுக்கலாமே! 'கொட்டகலை' என்பதில் நினைவகத்தில் முதலில் பதிவது 'க', பிறகுதான் ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். எழுத்துருவின் விதிகளைப் படித்து இதைக் கோத்துத் தரும் மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

தொட்டவர் எதைக் கலைத்தாலும் அடுத்தவருக்குக் கணினி புதிதாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மூல மென்பொருளைப் பூட்டிவிட்டு, மாற்றங்களையெல்லாம் மேலே விரித்த தற்காலிக அடுக்கில் மட்டும் பதியச் செய்வார்கள். வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துக் கிறுக்குவது போன்றது இது. தாளை எடுத்தால் வரைபடம் அப்படியே இருக்கும். பதுளையில் ஒரு கடையில், யாரோ ஒருவரின் பேஸ்புக் கணக்கு திறந்தபடியே கிடந்ததைக் கண்டேன். இதைச் சிறு கவனக்குறைவு என்று விட முடியாது. அதனால் சில நிமிடம் எவரும் தொடாவிட்டால் எல்லாம் தானாக அழிய வேண்டும். அந்த நேரத்தை மிகவும் குறுக்கினால், மெதுவாக வாசிப்பவர் பாதியில் விரட்டப்படுவார். அழிக்கும் முன் "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று ஒரு முறை கேட்பது அவசியம், அதுவும் தமிழில்.

தென்மேற்குப் பருவமழையில் மலைச்சரிவுகளில் மின்சாரம் போய்வரும். ஆகவே காட்சி முழுவதும் கணினிக்குள்ளேயே இருந்து, மின்சாரம் வந்ததும் கடவுச்சொல் கேட்காமல் தொடங்க வேண்டும்.

ஜோஆன் பெக், சுசான் ஷு ஆகிய ஆய்வாளர்களின் 2009ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு பொருளைத் தொட்டாலே அது தம்முடையது என்ற உணர்வு கூடுவதைக் காட்டியது. கடைக்காரருக்கு இது லாபம். தோட்டச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவருக்கோ, அந்த உணர்வு எழும் அதே திரையில் விலையும் நினைவகத்தின் அளவும் உத்தரவாதக் காலமும் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்.