கியர் ரேஷியோ: தூண்டில் ரீலில் அதன் பொருளும் தமிழ்ச் சொல்லும்

தூண்டில் ரீல் வரும் பெட்டியின் மேல் 5.3:1, 6.4:1, 8.0:1 என்பன போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கியர் ரேஷியோ எனப்படுவது இதுவே. கைப்பிடியை ஒரு முறை முழுதாகச் சுற்றும்போது, நரம்பு (தூண்டில் இழை) சுற்றிய ஸ்பூல் என்னும் உருளை எத்தனை முறை சுழலும் என்பதை இது தெரிவிக்கிறது. 6.4:1 என்றால் கை ஒரு சுற்று, ஸ்பூல் ஆறு சுற்றும் மேலே ஏறத்தாழ அரைச் சுற்றும். ஆனால் இந்த வரையறை, ஸ்பூலே சுழலும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஸ்பின்னிங் ரீலில் நரம்பை இழுக்கும்போது ஸ்பூல் சுழல்வதில்லை. அதைச் சூழ்ந்த ரோட்டர்தான் சுழன்று நரம்பை ஸ்பூலின்மேல் சுற்றுகிறது. ஆகவே அங்கே அந்த எண் ரோட்டரின் சுற்றைக் குறிக்கும்.

கியர் என்னும் ஆங்கிலச் சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆடை, ஆயுதம், பூட்டுப்பொருள் முதலான ஆயத்தப் பொருள்களையே அது முதலில் குறித்தது. பற்சக்கரம் என்னும் பொருள் பின்னர் ஏற்பட்டது. மீன்பிடித் துறையில் அந்தப் பழைய பொருள் இன்றும் வழக்கில் இருப்பதால், வலை, தூண்டில், பொறி அனைத்தையும் அத்துறையினர் கியர் என்றே சொல்கின்றனர். தூண்டில் தொடர்பான ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ரேஷியோ என்பது கணக்கிடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். ரீல் என்பது நூலைச் சுற்றியெடுக்கும் சட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயர்.

நூலோடு உள்ள இந்த உறவு பெயரளவில் நிற்பதன்று. ஸ்பின்னிங் ரீலின் முன்னோடியான வடிவத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் ஹோல்டன் இலிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து நெசவாலைத் தொழிலைச் சேர்ந்தவர். நம் ராட்டையிலும் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சிறிய கதிர் பல சுற்றுச் சுழன்றுவிடுகிறது. ரீலுக்குள் நடப்பதும் அதுவே. ராட்டையின் இரு சக்கரங்களையும் இணைக்கும் கயிற்றுக்குப் பதிலாக, இங்கே கைப்பிடியோடு இணைந்த பெரிய பற்சக்கரத்தின் பற்கள் பினியன் எனப்படும் சிறிய பற்சக்கரத்தின் பற்களைத் தள்ளுகின்றன.

தமிழ்ச் சொல்லைத் தேடும்போது கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. இயந்திரவியல் பாடத்தில் கியர் விகிதம் என்பது, இயக்கப்படும் சக்கரத்தின் பற்களை இயக்கும் சக்கரத்தின் பற்களால் வகுத்துப் பெறுவது. காரின் முதல் கியர் 3.5:1 என்றால், எஞ்சின் பக்கத்துத் தண்டு மூன்றரைச் சுற்றுச் சுழல, வெளியே செல்லும் தண்டு ஒரே ஒரு சுற்றுச் சுழல்கிறது. வேகம் குறைந்து திருப்புவிசை பெருகுகிறது. ரீலில் 6.4:1 என்பது இதற்கு நேர் எதிரானது: வேகம் பெருகித் திருப்புவிசை குறைகிறது. பாட வரையறையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் ரீல் பெட்டியில் 1:6.4 என்றுதான் அச்சிட வேண்டும். எண் பெரியதாக இருப்பதால் ரீல் வலிமையானது என்று எண்ணிப் பெரிய மீனுக்கு 8.0:1 வாங்கிவிடுவது, இந்தத் தலைகீழ் வழக்கை அறியாததால் நேர்வது.

‘பற்சக்கர விகிதம்’ என்னும் பெயர் பாடநூல் வழக்குக்குச் சரி. ஆனால் இந்தத் திசை வேறுபாட்டை அது சொல்வதில்லை. ‘பல்லிணை விகிதம்’ என்பாரும் உளர். தொகைச்சொல்லில் ‘பல்’ என்பது பல்லையும் குறிக்கும், பல என்பதையும் குறிக்கும் என்பதால், பல இணைகளின் விகிதம் என்று படிக்கவும் அது இடம் தருகிறது. இவ்விரண்டையும்விடப் பொருத்தமான வழியை ரீலின் வரலாறே காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனிலேயே பற்சக்கரம் பூட்டிய ரீல்கள் விற்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளி அவற்றை நுட்பமாகச் செய்தார். கைச்சுற்றைப் பெருக்கித் தரும் கருவி என்பதால் ஆங்கிலேயர் அவற்றைப் பெருக்கி என்ற பொருளுடைய சொல்லால் அழைத்தனர். இங்கிலாந்தின் கடல் தூண்டில்காரர்களிடம் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

எனவே ரீலைப் பொறுத்தவரை ‘சுற்றுப் பெருக்கம்’ என்பதே தகும் என்பது என் கருத்து. சுழல்வது ஸ்பூலானாலும் ரோட்டரானாலும் இது பொருந்தும். பெருகுவது சுற்று, விசை அன்று என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடும். எண்ணை எழுதும்போதும் ‘6.4 மடங்கு’ என்று எழுதினால் போதும். ரீல் என்ற சொல்லை மட்டும் மாற்றத் தேவையில்லை. நூல் ரீலும் படச்சுருள் ரீலும் தமிழரின் பேச்சில் கலந்துவிட்டவை.

இந்தச் சொல்லின் பயன் பெரிய வேட்டை மீன்களிடத்தில் நன்கு விளங்கும். வட அமெரிக்க ஏரிகளில் வாழும் மஸ்கெலஞ்ச் என்னும் மீனை எடுத்துக்கொள்வோம். தூண்டில்காரர் அதை மஸ்கி என்று சுருக்கி அழைப்பர். அதைப் பிடிக்க, இரண்டு பெரிய உலோகத் தகடுகள் சுழலும் பக்டெயில் வகைப் போலி இரைகளைப் பயன்படுத்துகின்றனர். அந்தத் தகடுகள் தண்ணீரை அறைந்துகொண்டே வருவதால், மீன் கடிப்பதற்கு முன்பே ஒவ்வோர் இழுப்பும் கைக்குப் பாரமாக இருக்கிறது. கைப்பிடித் தண்டின் நீளம் 50 மி.மீ., நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 36 மி.மீ. என்று கொண்டு, கையால் 4 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது 5.3 மடங்கு ரீலில் நரம்புக்குக் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 2.1 கிலோ, 8 மடங்கு ரீலில் 1.4 கிலோ மட்டுமே. நாள் முழுதும் பக்டெயில் எறிபவர் குறைந்த பெருக்கத்தை விரும்புவதன் காரணம் இதுதான். கைப்பிடித் தண்டை 75 மி.மீ. ஆக நீட்டினால் 8 மடங்கு ரீலிலும் அதே 2.1 கிலோ வந்துவிடும். மஸ்கிக்கான ரீல்களில் நீண்ட கைப்பிடியைப் பூட்டுவதன் கணக்கும் அதுவே.

இரண்டு கணக்கிலும் நரம்புக்குச் சேரும் விசை கை கொடுத்த விசையைவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். ரீல் பாரம் தூக்கும் கருவி அன்று. பெரிய மீனை மேலே தூக்குவது தூண்டில் கழி. கழியை உயர்த்தி மீனை இழுத்து, கழியைத் தாழ்த்தும்போது தொய்யும் நரம்பைச் சுற்றியெடுப்பதே ரீலின் வேலை. அந்தத் தொய்வை விரைவாக எடுக்கவும், மீன் படகை நோக்கிப் பாய்ந்து வரும்போது நரம்பு தளராமல் காக்கவும் உயர்ந்த பெருக்கம் உதவும். கழியைச் சுண்டி அசைக்கும் போலி இரைகளுக்கும் அதுவே நல்லது. மீன் எதிர்த்திசையில் ஓடும்போதோ பெருக்கத்துக்கு வேலையே இல்லை. அப்போது நரம்பை அளந்து விடுவது டிராக் எனப்படும் உராய்வுத் தடை. 1913இல் கலிபோர்னியாவின் கேடலினா தீவருகே வில்லியம் போஷன் என்பவர் 355 பவுண்டு, அதாவது 161 கிலோ எடையுள்ள வாள்மீனைக் கழியும் ரீலும் கொண்டு பிடித்ததற்குத் துணைநின்றது கைப்பிடி பின்னோக்கிச் சுழலாத டிராக் அமைப்பே. அதற்கு முந்திய ரீல்களில், மீன் ஓடும்போது கைப்பிடியும் எதிராகச் சுழன்று விரல் முட்டியை உடைத்துவிடும்.

ஆழ்கடலின் மார்லினுக்கும் பெருஞ்சூரைக்கும் ஒரே பெருக்கம் போதாது. ஆதலால் இரண்டு பெருக்கங்கள் கொண்ட ரீல்கள் செய்யப்படுகின்றன: மேல்நிலையில் ஏறத்தாழ 3 மடங்கு, கீழ்நிலையில் 1.3 மடங்கு. மீன் மேற்பரப்பில் ஓடும்வரை மேல்நிலை. படகின் அடியில் ஆழத்தில் இறங்கி அசையாமல் நிற்கத் தொடங்கியதும் கைப்பிடியின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்திக் கீழ்நிலைக்கு மாற்றுகின்றனர்.

சுற்றுப் பெருக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னோர் எண், ஒரு கைச்சுற்றுக்கு வரும் நரம்பின் நீளம். இதை ‘சுற்றிழுப்பு’ எனலாம். முன்சொன்ன 36 மி.மீ. ஸ்பூலின் சுற்றளவு 113 மி.மீ.; 5.3 மடங்கில் ஒரு கைச்சுற்றுக்கு 60 செ.மீ., 8 மடங்கில் 90 செ.மீ. நரம்பு வரும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடி, ஸ்பூலில் எஞ்சிய சுருளின் விட்டம் 28 மி.மீ. ஆகிவிட்டால், அந்த 60 செ.மீ. 47 செ.மீ. ஆகக் குறைந்துவிடும், பெருக்கம் மட்டும் 5.3 ஆகவே இருக்கும். பெரிய ஸ்பூல் கொண்ட 5 மடங்கு ரீல், சிறிய ஸ்பூல் கொண்ட 7 மடங்கு ரீலைவிட அதிக நரம்பை இழுப்பதும் உண்டு. இரண்டு ரீல்களின் வேகத்தை ஒப்பிடுபவர் பெருக்கத்தை விட்டுச் சுற்றிழுப்பையே பார்க்க வேண்டும்.

பெட்டியில் இது பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும், 2.54ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் கிடைக்கும். ஷிமானோ நிறுவனத்தின் ஸ்பின்னிங் ரீல்களில் பெயரின் இறுதியில் வரும் பி.ஜி., எச்.ஜி., எக்ஸ்.ஜி. என்னும் எழுத்துகள் முறையே தாழ்ந்த, உயர்ந்த, மிக உயர்ந்த சுற்றுப் பெருக்கத்தைக் குறிக்கும். கடலில் பெரும் பாரை மீனுக்காக நீர்ப்பரப்பில் பாப்பர் என்னும் போலி இரையை இழுப்பவர், தொய்வை உடனே எடுக்க வேண்டியிருப்பதால் பின்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுண்டு. ஆழத்திலிருந்து ஜிக் என்னும் கனமான போலி இரையை மெதுவாக ஏற்றுபவருக்குப் பி.ஜி.யே எளிது.