சக்கரத்தில் ஏற்றிய மண் ஏன் முரண்டு பிடிக்கிறது?

மண்பாண்டம் வனையக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். பானைக்கு வடிவம் கொடுப்பதில் அல்ல, அதற்கும் முன்பு, மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதில். உருண்டை ஒரு பக்கம் துளி தள்ளியிருந்தாலும், சுற்றுக்கு ஒருமுறை அந்தப் புடைப்பு வந்து கையை இடிக்கும். கை தன்னையறியாமல் பின்வாங்கும். புடைப்பு கடந்ததும் மறுபடி முன்னே வரும். மண்ணின் போக்குக்குக் கையும் ஆடுகிறவரை கோணல் எங்கேயும் போகாது.

கை அச்சிலிருந்து மாறாத தூரத்தில் ஊன்றி நின்றால் கதையே வேறு. மண்ணின் ஒவ்வொரு புள்ளியும் அதைக் கடந்துதான் போக வேண்டும். துருத்தியிருப்பது உள்ளே அமுங்கும், மிஞ்சுவது வட்டம்தான். முழங்கையைத் தொடையில் ஊன்றச் சொல்வது அதற்காகவே. இதற்குப் பெரிய உடல்பலம் வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசையாத கைதான் வேண்டும்.

சரி, அழுத்தினால் நகர்கிற மண், விட்டதும் ஏன் அப்படியே நிற்கிறது? களிமண் துகள்கள் மணலைப் போல உருண்டையானவை அல்ல. சுமார் ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அகலமுள்ள மெல்லிய தகடுகள். தகடுகளுக்கு இடையே நீர்ப்படலம். ஈரமான இரண்டு கண்ணாடிகளை ஒட்டவைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் வழுக்கும், பிரித்தெடுக்க வராது. மண்ணின் குழைவும் ஏறக்குறைய இதே வித்தைதான். வனைவதற்கான மண்ணில் பொதுவாக 20 முதல் 25 சதவீதம் தண்ணீர் இருக்கும். உராய்வுக்குப் பயந்து புதியவர்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். படலம் தடித்துப்போய், எழுப்பிய சுவர் தன் எடையைத் தானே தாங்காமல் உட்கார்ந்துவிடும்.

சுவரை மேலே இழுக்கும்போது விரல்கள் நேராக ஏறுவதில்லை, மண்ணில் திருகுச் சுருளாக ஏறுகின்றன. நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.6 விநாடி. விரல்நுனி பதியும் அகலம் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு அதைவிட வேகமாக ஏறினால் இடையில் தொடாத பட்டை விட்டுப்போகும். சுவர் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் நெளியும். ஆக, 15 செ.மீ. உயரத்துக்கு ஏற 9 விநாடியாவது ஆக வேண்டும். பழகாதவர்கள் இதைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, வாய் ஏன் கோணியது என்று மண்ணைத் திட்டுவார்கள்.

அடுத்து வேகம். மண்ணை மையத்துக்குக் கொண்டுவர நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல்கூடச் சுற்றலாம். கிண்ணம் விரிய ஆரம்பித்ததும் அதே வேகம் ஆபத்து. வெளியே தள்ளும் போக்கு ஆரத்துக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். 10 செ.மீ. ஆரத்தில் 120 சுற்று வேகத்தில், விளிம்பு மண் உணரும் இழுப்பு புவியீர்ப்பைப் போல 1.6 மடங்கு. 240 சுற்றுக்குப் போனால் 6.4 மடங்கு. ஈரவிளிம்பு தட்டையாக விரிந்து விழ அது போதும்.

இந்த இடத்தில் நம் ஊர்க் குயவர்களின் பழைய சக்கரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கனத்த சக்கரத்தைக் கம்பால் சுழற்றிவிட்டால் அது தன் நிலைமத்தில் ஓடி, மெல்ல மெல்ல வேகம் குறையும். மண்ணை நடுப்படுத்தும்போது முழு வேகம், வாய் விரியும்போது குறைந்த வேகம். மின்மோட்டார் வைத்தவர்கள் மிதியால் செய்வதை அந்தக் கனமே பார்த்துக்கொள்கிறது. அப்புறம், அடி உருண்டையாக உள்ள பானையை முழுதாகச் சக்கரத்திலேயே முடிப்பதுமில்லை. அடிப்பக்கத்தை உள்ளே கல்லையும் வெளியே பலகையையும் வைத்துத் தட்டித்தான் மூடுவார்கள்.

காயும்போது நீர் வெளியேறித் தகடுகள் நெருங்கும். மண் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். சுவரில் விரல் அழுத்தித் தகடுகள் வரிசைக்கு வந்திருக்கும். அழுத்தாமல் விட்ட அடித்தட்டிலோ ஈரமும் அதிகம், அடர்த்தியும் குறைவு. சுருக்கம் ஒத்துப்போகாமல் அங்கே நெளிந்த விரிசல் ஓடும். உருண்டையின் நடுவைக் குழித்துத் திறந்த உடனேயே அடியை இரண்டு முறை அழுத்தித் தேய்த்து, தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

சூளையில் பாண்டம் வெடித்தால் உள்ளே காற்றுக்குமிழி இருந்தது என்று பழிபோடுவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி ஈரம். 100 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் ஆவியாகி ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். தடித்த அடியில் மாட்டிய ஆவிக்கு வெளியேற வழியிருக்காது. அதனால் முதல் கட்டத்தில் தீயை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். சூளையில் வைக்கும்வரை, காய்ந்து விரிசல் விட்ட பாண்டத்தை வாளித் தண்ணீரில் போட்டால் திரும்பவும் சேறுதான். சூளையில் 600 டிகிரி வாக்கில் தகடுகளுக்குள் வேதியியலாகப் பிணைந்திருந்த நீரும் போய்விட்டால், அப்புறம் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது குழையாது.